அமைதிக்கு ஒன்பது மதிப்பெண்

ஜனவரி 11

அம்மாவுக்கு,

நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று உன் மாப்பிள்ளை சொன்னார். அவருக்கு மட்டும் செய்தி அனுப்பியிருக்கிறாய். வீட்டில் ஒருவருக்குத் தெரிந்தால் போதும் என்று நினைத்திருப்பாய். பரவாயில்லை.

போனில் பேச வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்னதும் அவர்தான். "நீங்க ரெண்டு பேரும் 'சாப்பிட்டியா'ங்கிற வரைக்கும்தான் தாயும் மகளும். அதுக்கு மேல வக்கீலுங்க" என்றார். சரி, எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்த வெளிநாட்டு ஊரில் தங்கிக்கொண்டு கணினியில் வேலை பார்த்தால் வசதி என்று எங்கள் இணையதளத்துக்கு நான் போடும் தரவரிசை, முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரியும் இளவட்டங்களுக்காக. அதைப் படித்துவிட்டு அறுபதை நெருங்கும் என் அம்மா பெட்டி கட்டுவாள் என்று தெரிந்திருந்தால், அந்த ஆற்றோர ஊரை முதலிடத்தில் வைத்திருப்பேனா? அடியில் போட்டுப் புதைத்திருப்பேன்.

விமான நிலையத்தில் "ஓடிப் போறே" என்று நான் சொன்னது அதிகம்தான். ஆனால் திரும்பப் பெறவில்லை. "நீதானேடி அதுக்கு முதல் மார்க் குடுத்தே" என்று நீ சொன்னது மட்டும் நியாயமா? நான் மார்க் போடுகிறவள், டிக்கெட் போடுகிறவள் இல்லை.

புத்தகங்களுக்குச் சொல்லடைவு போடும் வேலையை எத்தனையோ வருஷமாக உன் அறையில் இருந்தபடியேதான் செய்தாய். நீ எங்கே உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒரு பதிப்பகத்தாரும் கேட்டதில்லை. அப்பா இருந்தவரை பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குக்கூடச் சலித்துக்கொண்டவள் நீ. இப்போது மட்டும் என்ன?

ஆறு மாதம் என்று சொல்லியிருக்கிறாய். உன் அறையைப் பூட்டிவிட்டேன். சாவி ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது.

உன் மகள்

*

ஜனவரி 24

குண்டூசிக்கு,

குத்தல் ஊர் தாண்டியும் சரியாக வந்து சேர்ந்தது. நலம்.

அறை மூன்றாம் மாடியில். மேஜை சுவரோடு கீல் வைத்து மாட்டியது, வேண்டும்போது இறக்கிக்கொள்ள வேண்டும். நாற்காலி சமையலறையிலிருந்து கடன் வாங்கியது. ஜன்னல் வழியாக ஆறு தெரியும் என்று விளம்பரத்தில் இருந்தது. தெரிகிறது, இடுப்புவரை வெளியே எட்டிப் பார்க்க வேண்டும். இன்டர்நெட்டுக்கு நீ போட்ட பத்து சரிதான். கலங்கரை விளக்கங்களைப் பற்றி ஒரு தடித்த புத்தகம் அடைவுக்கு வந்திருக்கிறது. படங்களோடு நொடியில் இறங்கிவிட்டது.

ஆனால் அமைதிக்கு ஒன்பது கொடுத்திருக்கிறாயே, அதை யார் காதை வைத்துப் போட்டாய்? கீழே தெரு நெடுக மதுக்கடைகள். காலையில் விடிந்ததும் விடியாததுமாய் ஒரு லாரி வந்து, இரும்புத் தொட்டிகளில் சேர்ந்திருக்கும் காலிப் பாட்டில்களை மொத்தமாகக் கவிழ்த்துக்கொண்டு போகும். கண்ணாடி மழை. முதல் நாள் கட்டிலிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

வீட்டுக்காரம்மா பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். பாதிச் சைகையிலும் பாதி மொழியிலும் சொன்னேன்: புத்தகத்தின் கடைசியில் எந்த விஷயம் எந்தப் பக்கத்தில் என்று வருமே, அது. சொல் சும்மா வந்துபோனால் குறிக்கக் கூடாது. சொல்லே வராமல் அதைப் பற்றியே ஒரு பக்கம் ஓடினால் குறித்தே ஆக வேண்டும். அந்த அம்மா யோசித்துவிட்டு, "அப்போ எழுதினவர் எதை மறைச்சாரோ அதையும் நீங்க பிடிச்சிடுவீங்க" என்றார். பிறகு தன் கணவரைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். அடைவு போடும்படி இருந்தது.

அப்பாவைப் பற்றி நீ எழுதியதற்கான பதிலைப் பிறகு சொல்கிறேன். சாவியை ஃபிரிட்ஜ் மேலிருந்து எடுத்து அறையைத் திற. உனக்கென்று ஒரு மேஜையை அங்கே போட்டுக்கொள். சாப்பாட்டு மேஜையில் ஒரு பக்கம் குழம்பும் ஒரு பக்கம் கணினியுமாக எத்தனை நாள் உட்காருவாய்?

அம்மா

*

பிப்ரவரி 6

அம்மாவுக்கு,

அமைதி எண்ணை நான் கற்பனையில் போடவில்லை. அந்த ஊர் நகராட்சி சத்தத்தை அளக்கக் கருவி வைத்து வெளியிடும் கணக்கு அது. உன் கடிதம் வந்த பிறகு, கருவியை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தேடிப் பார்த்தேன்.

கல்லறைத் தோட்டத்துக்குள்.

சிரிக்காதே. உன் மாப்பிள்ளை சிரித்து முடித்துவிட்டார். "செத்தவங்க யாரும் புகார் குடுக்கலைன்னு ஒன்பது போட்டுட்டியா? பத்தே போட்டிருக்கலாமே" என்றார்.

எங்கள் தளத்தின் ஆசிரியையிடம் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தால், "உங்கம்மாவுக்குக் காது இருக்கு. விட்டுடாதீங்க, அடுத்த ஊருக்கும் கேளுங்க" என்கிறார். எனவே அலுவலக முறையில் கேட்கிறேன்: அடுத்து எங்கே போவதாக உத்தேசம்? போனால் அங்கே நடக்க எப்படி, உட்கார எப்படி, காது எப்படி என்று எழுதவும். மகள் முறையில் கேட்க ஒன்றுமில்லை.

அறையைத் திறக்க மாட்டேன். உன் அகராதிகள், காகிதக்கட்டுகள், நீ விட்டுப்போன கம்பளிச் சால்வை எல்லாம் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். நான் மேஜையைப் போட்டுவிட்டால் அது என் அறை ஆகிவிடும். பிறகு நீ வந்தால் விருந்தாளி. அது உனக்கு வசதியாக இருக்கலாம். எனக்கு இல்லை.

ஆமாம், சாப்பாட்டு மேஜை கஷ்டம்தான். நான் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது உள் அறையிலிருந்து உன் மாப்பிள்ளை தன் லிஃப்ட் கம்பெனி போனில், எங்கோ லிஃப்டில் மாட்டிக்கொண்டு அவசரப் பொத்தானை அழுத்தியவருக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார். "பயப்படாதீங்க. கதவைத் தள்ளாதீங்க. ஆள் வந்துட்டே இருக்காங்க." நேற்று எங்கள் கூட்டத்தில் ஒருவர், "உங்க பக்கத்துல யாருக்காவது ஆபத்தா?" என்று கேட்டார். இல்லை, எங்கள் வீட்டில் தினமும் இப்படித்தான் என்றேன்.

ஏன் போனாய் என்ற கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. அதை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

உன் மகள்

*

மார்ச் 2

குண்டூசிக்கு,

உன் பட்டியலில் இரண்டாவதாக இருக்கும் ஊருக்கு வந்துவிட்டேன். ஆற்றோர வீட்டுக்காரம்மா வாசலில் நின்று கையசைத்தார், பேருந்தைக் கிளப்பிவிடுகிறவர் மாதிரி.

நடக்க வசதிக்கு ஒன்பது. உண்மைதான்; கடை, அஞ்சலகம், மருந்துக்கடை, நூலகம் எல்லாம் பக்கம். ஆனால் எல்லாம் தலைக்கு மேல். வரைபடத்தில் விரற்கடைத் தூரமாகத் தெரிவது இங்கே மலை. உன் வரைபடத்தைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்துப் பார்த்திருக்கலாம். ரொட்டி வாங்கப் போனால் திரும்பி வருவதற்குள் அந்த ரொட்டியைத் தின்றுவிட வேண்டும் போலிருக்கிறது. முழங்காலுக்கு உறை வாங்கிப் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் சொல்லாதே, அவர் லிஃப்ட் அனுப்பிவிடுவார்.

நூலகத்தின் வாசிப்பறையில் வேலை பார்க்கிறேன். நீளமான பச்சை மேஜைகள், ஆளுக்கொரு விளக்கு. என்னைப்போல் வெளியூரிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள் நிறையப் பேர். எதிரே உட்காரும் பையன் வாரத்துக்கு ஒருமுறை யாருக்காவது பிரியாவிடை சொல்கிறான். எல்லோரிடமும் "அடுத்த ஊர்ல பார்ப்போம்" என்கிறான். பார்க்க மாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். அதற்காக யாரும் முகம் வாடுவதில்லை. ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது உன் கேள்வி.

அப்பா போன பிறகு நம் வீட்டில் நீங்கள் இரண்டு பேரும் பஞ்சின் மேல் நடந்தீர்கள். நான் கதவைத் திறந்து வந்தால் பேச்சு நிற்கும். கரண்டி கீழே விழுந்தால் நீ கரண்டியைப் பார்க்க மாட்டாய், என் முகத்தைப் பார்ப்பாய். ஒருநாள் சாப்பிட வந்தேன். மாப்பிள்ளை என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். லிஃப்டில் மாட்டியிருந்த மனிதர், "சத்தமா சொல்லுங்க சார், ஒண்ணும் கேக்கலை!" என்று கத்தியது எனக்கே கேட்டது. அந்த ஆள் அங்கே மூச்சுத் திணறுகிறார், தூங்குகிறவளை எழுப்பிவிடக் கூடாது என்பது மாதிரி இங்கே இவர் கிசுகிசுக்கிறார். நான் தூங்கவே இல்லை. தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

முதல் வருஷம் அது அன்பாக இருந்தது. மூன்றாம் வருஷம் நான் அந்த வீட்டின் நோயாளி ஆகிவிட்டேன். உன் பட்டியலில் நம் வீட்டைச் சேர்த்திருந்தால் அமைதிக்குப் பத்துக்குப் பத்து. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆற்றோர ஊரில் தினமும் விடிகாலையில் பாட்டில் உடைந்தது. யாரும் ஓடி வந்து என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அந்த ஊரில் நன்றாகத் தூங்கினேன்.

அம்மா

*

மார்ச் 15

அம்மாவுக்கு,

உன் கடிதத்தை உன் மாப்பிள்ளையிடம் படித்துக் காட்டினேன். எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அவரைப் பற்றி அப்படி எழுதியிருக்க வேண்டாம்.

அப்பா பேச்சை எடுத்தால் நீ அழுதாய். அதனால் எடுக்காமல் இருந்தோம். எடுக்காமல் இருந்தால் நோயாளி ஆக்கிவிட்டோம் என்கிறாய். என்னதான் செய்திருக்க வேண்டும்? நாள் முழுக்கத் தட்டுகளைப் போட்டு உடைத்திருக்க வேண்டுமா?

இன்னொன்று. அவர் எனக்கும் அப்பாதான். எனக்காக அந்த வீட்டில் யார் மெதுவாக நடந்தார்கள்? உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து, என் முகம் எப்படி இருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

போதும். அலுவலக விஷயம். மலை ஊருக்கு நடக்க வசதி ஒன்பதிலிருந்து ஐந்துக்கு இறக்கிவிட்டேன். உன் முழங்காலுக்கு நன்றி. அப்புறம், வாசகர்கள் கேட்கிறார்கள் என்று நம் ஊரையும் தரவரிசையில் சேர்த்திருக்கிறோம். வெளியிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்களுக்கு நம் ஊர் எவ்வளவோ நல்ல ஊர். மற்றவர்களுக்குத்தான் தெரியவில்லை. பட்டியலின் இணைப்பைக் கீழே வைத்திருக்கிறேன். நேரமிருந்தால் பார். கட்டாயமில்லை.

உன் மகள்

*

ஏப்ரல் 8

குண்டூசிக்கு,

உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. அந்த வரியில் நின்றுவிட்டேன். அதனால்தான் இத்தனை நாள் எழுதவில்லை. மாப்பிள்ளையிடம் சொல்: நான் அவரைக் குறை சொல்லவில்லை. எனக்காக அவர் குரலைத் தாழ்த்தியதும் அன்பில்தான் என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்றாவது ஊருக்கு வந்திருக்கிறேன். துறைமுக ஊர். நீ இதை ஏழாம் இடத்தில் வைத்திருக்கிறாய். கலங்கரை விளக்கப் புத்தகத்தை முடித்து அனுப்பிய கையோடு ஒன்றை நேரில் பார்க்கத் தோன்றியது, வந்துவிட்டேன். வாடகை அதிகம். காற்று கதவைப் பிய்க்கிறது. கப்பல் சங்கு ஊதினால் மேஜையில் பென்சில் நடுங்குகிறது. ஆனாலும் இங்கே எனக்குக் கால் தரித்திருக்கிறது. வீட்டில் இரண்டு அறை. ஒன்றின் ஜன்னலில் துறைமுகம் முழுக்கத் தெரியும். இன்னொன்றில் பக்கத்துக் கட்டிடத்தின் சுவர். என் மேஜையைச் சுவர்ப் பக்கம் போட்டுக்கொண்டேன். நாள் முழுக்க அடுத்தவர் புத்தகத்தைப் பார்க்கிறவளுக்குத் தலை தூக்கினால் ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். கப்பல் பார்க்க வேண்டுமானால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

உன் பட்டியலைப் பார்த்தேன். நம் ஊருக்கு நான்காம் இடம்.

இன்டர்நெட்டுக்கு ஒன்பது. தூறல் விழுந்தாலே மாப்பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுவாரே, அந்த ஊருக்கா? நடக்க வசதி எட்டு. நம் தெருமுனைக் குழியை மூடிவிட்டார்களா? நான் கிளம்பும்போது அதற்குள் ஒரு நாற்காலி கிடந்தது. அமைதிக்கு ஒன்பது. வீட்டுக்குள்ளேயா, வெளியேயா?

நீ அரை மார்க்குக்கு ஆசிரியையோடு மல்லுக்கட்டுகிறவள். மற்ற ஊர்களை நகம் வெட்டுகிற மாதிரி ஒட்ட வெட்டியிருக்கிறாய். இது உன் கை இல்லை. யாருக்காகப் போட்டாய் என்று எனக்குத் தெரியும். எனக்குச் சந்தோஷம்கூட. ஆனால் அந்தப் பட்டியலைப் படிப்பவள் நான் ஒருத்தி இல்லை. மாற்றிவிடு. யாராவது நம்பிப் பெட்டி கட்டிவிடப் போகிறார்கள், நான் கட்டியது மாதிரி.

கடைசியாக ஒன்று. இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வருஷம் தங்க அனுமதி தருகிறார்கள். மே மாதக் கடைசிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆறு மாதம் என்று உன்னிடம் சொன்னேன். இப்போது ஒரு வருஷம் என்று தோன்றுகிறது. உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன். தரவரிசை போடுகிறவளாகப் பதில் சொன்னாலும் சரி. மகளாகச் சொன்னால் இன்னும் நல்லது.

அம்மா

*

மே 3

அம்மாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே மாற்றியிருக்க வேண்டும். கோபத்தில் மாற்றவில்லை. "எனக்கே பாடமா" என்று இருந்தது.

அதற்குள் ஒருத்தி பெட்டி கட்டிவிட்டாள்.

புத்தகங்களைச் சத்தமாகப் படித்துப் பதிவு செய்வது அவள் தொழில். கேட்பதற்கென்றே வரும் புத்தகங்கள். உன் மாப்பிள்ளை அவளுக்குக் குரல்காரி என்று பெயர் வைத்துவிட்டார். அமைதிக்கு ஒன்பது என்று நான் போட்டதைப் பார்த்து, வேறொரு ஊரில் பேசி வைத்திருந்த அறையை விட்டுவிட்டு, நம் ஊருக்கு வந்து, நம் வீட்டிலிருந்து நான்கு தெரு தள்ளி அறை எடுத்திருக்கிறாள். எங்கள் தளத்துக்குப் புகார் எழுதினாள். திட்டவே இல்லை, அம்மா. "இந்த எண்ணைப் போட்டவர் இந்த ஊருக்கு வந்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று ஒரே வரி.

ஆசிரியை என்னைக் கூப்பிட்டார். நீங்கள் பிறந்து வளர்ந்த ஊர்தானே, என்ன ஆதாரத்தில் போட்டீர்கள் என்றார். அம்மா திரும்பி வரட்டும் என்று போட்டேன் என்று சொல்ல முடியுமா? சொன்னேன். நீளமாக மூச்சு விட்டார். "இனிமே கால் வைக்காத ஊருக்கு மார்க் கிடையாது. முதல்ல அந்தப் பொண்ணைப் போய்ப் பாருங்க" என்றார். வேலை போகவில்லை. இப்போதைக்கு.

போனேன். பட்டியல் போடத் தொடங்கிய பிறகு நான் நேரில் போய்ப் பார்த்த முதல் ஊர் இதுதான், என் சொந்த ஊர். பக்கத்துக் கட்டிடத்தில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார்கள். குரல்காரி கட்டிலின் மேல் மெத்தையை நிமிர்த்திக் கூடாரம் மாதிரி வைத்து, அதற்குள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்டது அவள் காதில் விழவில்லை. திரும்பச் சொன்னேன். அதுவும் விழவில்லை. மூன்றாம் முறை கத்தினேன். அந்த நேரம் பார்த்துத் துளைப்பவர் நிறுத்திவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டது தெருவுக்கே தெரியும்.

அவள் சிரித்துவிட்டாள். "ஒன்பதுன்னா இதுதானா?" என்றாள். ஏப்ரல் முடிவதற்குள் புத்தகத்தை முடித்துக் கொடுக்க வேண்டுமாம், இல்லையென்றால் வேறு குரலுக்குப் போய்விடும். அவளை நம் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். ஃபிரிட்ஜ் மேலிருந்து சாவியை எடுத்தேன்.

திட்டாதே. உன் அகராதிகளைத் தொடவில்லை. சால்வையை மட்டும் மடித்து அலமாரியில் வைத்தேன். குரல்காரி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, ஒருமுறை கைதட்டிப் பார்த்தாள். பிறகு கதவைத் திறந்து, "இந்த அறையை வாடகைக்கு விடுவீங்கன்னா நான் சொத்தை வித்துட்டு வருவேன்" என்றாள். மூன்று சுவரிலும் உன் புத்தகங்கள், நான்காவது ஜன்னல், அதற்கு வெளியே அடுத்த வீட்டுச் சுவர். புத்தகங்கள் சத்தத்தைக் குடித்துவிடுமாம்.

உன் மாப்பிள்ளை பாவம், மறுபடியும் கிசுகிசுக்க ஆரம்பித்தார். அவள் வெளியே வந்து, "சார், நீங்க சாதாரணமா பேசுங்க. கதவைச் சாத்தினா உள்ளே ஒண்ணும் வராது" என்றாள். நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மூன்று வருஷம், அம்மா. நீ கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரமெல்லாம் நாங்கள் கிசுகிசுத்தது யாருக்காக?

அவள் புத்தகத்தை முடித்துவிட்டு நேற்றுக் கிளம்பினாள். போவதற்கு முன் உன் ஜன்னலைக் காட்டி, "இங்கே உக்கார்ந்து வேலை பார்த்தவங்க எங்கே?" என்றாள். துறைமுகம் இருக்கிற ஊரில் என்றேன். "அங்கேயும் சுவரைப் பார்த்துத்தான் உக்கார்ந்திருப்பாங்க" என்றாள். உன் கடிதத்தை நான் அவளிடம் காட்டவில்லை.

நம் ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தோம் என்றும் கீழே எழுதியிருக்கிறோம்.

உன் கேள்விக்குப் பதில். தரவரிசை போடுகிறவளாக: துறைமுக ஊர் நல்ல ஊர்தான், விண்ணப்பம் போடலாம். மகளாக: எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதினேன். அதையும் அழித்துவிட்டேன்.

உன் மகள்

*

மே 14

குண்டூசிக்கு,

என் அறையில் ஒருத்தி உட்கார்ந்தாள் என்று படித்ததும் எனக்கு வந்த பொறாமையை நீ பார்த்திருக்க வேண்டும். நாற்காலியின் உயரத்தை மாற்றினாளா என்றுதான் முதலில் நினைத்தேன். உன் மன்னிப்பைத் தெரு கேட்டது இரண்டாவதாகத்தான் மனதில் பட்டது. பிறகு வாசிப்பறையில் சிரிக்கிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அப்புறம்தான் நினைவு வந்தது, இது என் வீடு. சத்தமாகவே சிரித்தேன்.

உன் கடிதங்களை அச்செடுத்து வைத்திருக்கிறேன். தொழில் புத்தி போகுமா? நேற்று உட்கார்ந்து, இவற்றுக்கு ஓர் அடைவு போட்டால் எப்படி வரும் என்று பார்த்தேன். கோபம், பல பக்கங்கள். மாப்பிள்ளை, நிறைய. சாவி, அங்கங்கே. 'வா' என்ற சொல் எங்கேயும் இல்லை. ஒரு தடவைகூட எழுதவில்லை நீ. ஆனால் என்னிடம் இந்தப் புத்தகத்தைக் கொடுத்திருந்தால், அந்த ஒரு சொல்லை எழுதி, எதிரே எல்லாப் பக்கங்களையும் போட்டிருப்பேன்.

பிறகு என் கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். அதே கதைதான். பாட்டில், ரொட்டி, முழங்கால், கப்பல் சங்கு என்று எழுதித் தள்ளியிருக்கிறேன். அந்தச் சொல் இல்லை. எல்லாப் பக்கத்திலும் அதுதான் இருக்கிறது.

நேரே சொல்கிறேன். விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டேன். இந்த வருஷம் நான் வரவில்லை. நீ கோபித்துக்கொள்வாய், கோபித்துக்கொள். உன் மேல் உள்ள கோபத்தில் நான் இங்கே இருக்கவில்லை. கிளம்பும்போது ஓடித்தான் வந்தேன், நீ சொன்னது சரி. இப்போது ஓடவில்லை, உட்கார்ந்திருக்கிறேன். இரண்டும் வேறு என்று இந்த ஊரில்தான் தெரிந்தது. காய்கறிக்காரர் என்னை இன்னும் 'அந்த வெளியூர் அம்மா' என்றுதான் சொல்கிறார். சொல்லட்டும். அதற்காக அவர் குரலைத் தாழ்த்துவதில்லை.

அந்த அறை இனி உன்னுடையது. நான் வரும்போது விருந்தாளியாகவே வருகிறேன். விருந்தாளியிடம்தான் எல்லோரும் சத்தமாகப் பேசுவார்கள்.

இங்கே துறைமுகம் தெரிகிற ஜன்னல் ஓரம் காலியாக இருக்கிறது. நேற்று ஒரு மேஜை வாங்கிப் போட்டேன். எனக்கு வேண்டாம், எனக்குச் சுவர் போதும். மாப்பிள்ளைக்கும் இடம் இருக்கிறது. அவர் பேசுவதைக் கேட்டு எத்தனை நாளாகிறது! உங்கள் ஆசிரியை கால் வைக்காத ஊருக்கு மார்க் கிடையாது என்று சொல்லியிருக்கிறாரே. ஏழாம் இடத்தில் ஓர் ஊர் நீ கால் வைக்காமல் கிடக்கிறது.

வா.

நீ வந்தால் உன் அப்பாவைப் பற்றிப் பேசலாம். நான் அழுதால் அழுதுகொண்டே கேட்பேன். நீ அழுதால் இந்தத் தடவை உன் முகத்தைப் பார்ப்பேன்.

அம்மா

*

மே 22

அம்மாவுக்கு,

கோபித்துக்கொண்டேன். நன்றாகவே. உன் மாப்பிள்ளையைக் கேள், தட்டுகள்கூட உடைந்தன. ஒன்று தற்செயல், ஒன்று இல்லை. இரண்டாவது உடைந்தபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. துடைப்பத்தைக் கொண்டுவந்து, "சத்தத்துக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டார்.

ஒரு வருஷம் அதிகம், அம்மா. அதை நான் திரும்பப் பெறப் போவதில்லை. எழுதி வைக்கிறேன், பிறகு அடைவில் சேர்த்துக்கொள்.

ஆசிரியையிடம் கேட்டேன். ஜூன் மாதம் முழுக்க அங்கிருந்தே வேலை பார்க்கலாம், ஏழாவது ஊரைப் பற்றி விரிவாக எழுதித் தர வேண்டும் என்றார். எழுதுவதை அங்கே வேறு யாரும் முன்கூட்டிப் படித்துத் திருத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் போட்டார். உன்னைத்தான் சொல்கிறார். உன் மாப்பிள்ளைக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அவர் எந்த ஊரிலிருந்து பேசினால் என்ன?

இதை உன் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில்தான் எனக்கென்று ஒரு மேஜை வாங்கி வந்து உன்னுடையதற்குப் பக்கத்தில் போட்டோம். சாப்பாட்டு மேஜை இனி சாப்பாட்டுக்கு மட்டும். நாற்காலி உன் உயரத்திலேயே இருக்கிறது, குரல்காரி தொடவில்லை. என் முட்டி மேஜையில் இடிக்கிறது. மாற்றவில்லை, அங்கே வந்து உன்னைக் கேட்டுவிட்டு மாற்றுகிறேன். தலை தூக்கினால் சுவர். முதலில் என்னமோ போலிருந்தது. இப்போது பரவாயில்லை.

துறைமுக ஊருக்கான கட்டங்களை எல்லாம் காலியாக விட்டிருக்கிறேன். சங்கு எப்படி ஊதுகிறது, காற்று எப்படி அடிக்கிறது, உன் வீட்டுப் படி எத்தனை செங்குத்து, எல்லாம் வந்து பார்த்துப் போடுகிறேன்.

கதவைச் சாத்தவில்லை. பக்கத்து அறையில் உன் மாப்பிள்ளை யாருக்கோ சொல்லிக்கொண்டிருக்கிறார். வாசல்வரை கேட்கும்படி, முழுக்குரலில். "பயப்படாதீங்கம்மா. கதவைத் தள்ளாதீங்க. ஆள் வந்துட்டே இருக்காங்க."

உன் மகள்